சூப்பு எலும்பில் எழுந்த கப்பல்

மாட்டின் கால் எலும்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கறியை வழித்துத் தின்றாயிற்று. மஜ்ஜையை உறிஞ்சியாயிற்று. மறுபடியும் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஒட்டியிருந்த கொழுப்பையும் சூப்பில் இறக்கியாயிற்று. இனி அது குப்பை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் சிலர் அந்தக் குப்பையைப் பொறுக்கினார்கள், வெளுத்தார்கள், ரம்பத்தால் அறுத்தார்கள். கடைசியில் மூன்று அடுக்குப் பீரங்கித் தளமும், மூன்று பாய்மரமும், முன்முனையான அணியத்தில் தலைக்கவசம் அணிந்த வீரன் சிலையும் கொண்ட ஒரு போர்க்கப்பலாக அதை மேசைமேல் நிறுத்தினார்கள். பெரும்பாலும் ஒரு முழ நீளம்தான் இருக்கும். மாதிரிக் கப்பல்களை விரும்புகிறவர்கள் இன்றும் எங்கே பார்த்தாலும் நின்றுவிடும் அந்தப் பொருளை எலும்புக் கப்பல் என்றும் கைதிக் கப்பல் மாதிரி என்றும் சொல்கிறார்கள்.

அது பிறந்த இடங்களில் முக்கியமானது நார்மன் கிராஸ். பீட்டர்பரோ நகருக்குத் தெற்கே, லண்டனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்வெளி. பிரான்சோடு 1793இல் போர் மூண்டதிலிருந்து பிடிபட்டு வந்த மாலுமிகளையும் சிப்பாய்களையும் அடைக்க இங்கிலாந்தில் இடம் போதவில்லை. கோட்டைகள் நிரம்பின. பழைய கப்பல்கள் நிரம்பின. எனவே 1796ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஐந்நூறு தச்சர்களும் கூலியாட்களும் சேர்ந்து, சில மாதங்களில் மரத்தாலேயே ஒரு சிறை நகரத்தை எழுப்பினார்கள். போர்க்கைதிகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முதல் முகாம் இதுதான் என்று வரலாற்றில் சொல்வார்கள். நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு இரண்டடுக்குக் கொட்டகைகள், நடுவே எண்கோண வடிவில் ஒரு காவல் கட்டடம், அதில் நாலாபுறமும் பார்த்த பீரங்கிகள். 1797ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் கைதிகள் வந்தார்கள். சாதாரணமாக ஐயாயிரம், ஆறாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள்.

இந்த ஆயிரக்கணக்கானோரில் யார் யார் இருந்தார்கள் என்பதில்தான் கப்பலின் கரு இருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படைக்கு ஆள் சேர்த்த முறை கடற்கரையோரத்து மனிதர்களின் பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, போர் வந்தால் கூப்பிடும் முறை. நிலப்படைக்கோ கட்டாய ஆள்சேர்ப்பு. ஆகவே கைதிகள் எல்லோரும் பிறவிப் போர்வீரர்கள் அல்லர். தச்சர், கடைசல்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், கயிறு திரிப்பவர், பெட்டி செய்பவர் எல்லாரும் சீருடைக்குள் இருந்தார்கள். வடபிரான்சின் தியெப் துறைமுகம் ஆப்பிரிக்கத் தந்தத்தைச் செதுக்கிப் பெயர் வாங்கிய ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மாட்டெலும்பு என்பது கை மறக்காத பொருள். தந்தம் இல்லாத இடத்தில் எலும்பு. வெண்மை கொஞ்சம் மட்டு, இழை கொஞ்சம் முரடு, ஆனால் உளிக்கு அதே போலப் பணியும்.

எலும்புக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஆளுக்கு அரைப் பவுண்டு மாட்டிறைச்சி, இரண்டு நாள் மீன் என்று பங்கீடு. ஐயாயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் ஒரே நாளில் ஒரு டன்னுக்கு மேல் இறைச்சி சமையல் கொட்டகைக்கு வந்து இறங்குகிறது. ஆனால் அரைப் பவுண்டு ஒரு வளர்ந்த ஆணுக்கு எந்த மூலைக்கு? பசி இருந்தது. குளிர் இருந்தது. சூதாடித் தன் பங்கு ரொட்டியையும் போர்வையையும் தோற்றவர்கள் இருந்தார்கள். 1800-1801 குளிர்காலத்துக் கொள்ளைநோயில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். முகாம் மூடும்வரை இறந்தவர்கள் தொகை ஏறத்தாழ 1,770. கொஞ்சம் காசு கையில் இருந்தால் கூடுதலாக ரொட்டி, புகையிலை, ஒரு சட்டை வாங்கலாம். காசுக்கு வழி வாசலில் கூடிய சந்தை. சுற்றுவட்டாரத்து மக்கள் வந்து கைதிகள் செய்த பொருட்களை வாங்க அதிகாரிகள் அனுமதித்திருந்தார்கள்.

எல்லாப் பொருளையும் விற்க முடியாது. தொப்பி செய்யும் வைக்கோல் பின்னலுக்குத் தடை இருந்தது. பக்கத்து மாவட்டங்களில் ஏழைக் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளும், அந்தப் பின்னலை நம்பி வாழ்ந்தார்கள். கைதிகள் வரியும் வாடகையும் இல்லாமல் மலிவாகப் பின்னிக் கொடுத்தால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். தடை நியாயமானதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் காவலர்களே அதை மறைத்து வெளியே கடத்தினார்கள், பிடிபட்டவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. கைதிகளின் வேலை மற்றப் பக்கம் திரும்பியது. எலும்பில் டோமினோ கட்டைகள், சீட்டுக்கட்டுப் பெட்டிகள், கைக்கடிகாரம் மாட்டும் தாங்கிகள். பிடியைச் சுற்றினால் ராட்டையில் நூற்கும் பொம்மைப் பெண்கள். சின்னஞ்சிறு கில்லட்டின் மேடைகள்கூட, தலை வெட்டுப்படும் ஆளோடு. இந்த வரிசையின் உச்சியில் வைத்த விலையுயர்ந்த சரக்குதான் கப்பல்.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கால் எலும்பு உருளை வடிவானது, உள்ளே பொள்ளல். அதை நீளவாக்கில் பிளந்தால் கிடைப்பது வளைந்த ஒரு சில்லு. அரத்தால் தட்டையாக்கினால் விரல் நீளத்துக்குச் சற்று மேலான ஒரு பட்டை. அதுவே கப்பலின் பலகை. நிஜக் கப்பலில் ஓக் மரப் பலகை பல அடி நீளம் ஓடும். இங்கே எலும்பு எவ்வளவு நீளம் விடுகிறதோ அவ்வளவுதான் பலகை. எனவே நிறைய மூட்டுகள் விழும். முதலில் மென்மரத்தில் உடலின் வடிவத்தைச் செதுக்கிக்கொள்வார்கள். அதன்மேல் எலும்புப் பட்டைகளை வரிசையாகப் பதித்து, துறப்பணத்தால் துளையிட்டு, பித்தளை அல்லது செம்புக் கம்பித் துண்டுகளை ஆணியாக அடிப்பார்கள். எலும்பு வெடிக்கும் பொருள். துளை மயிரிழை சிறுத்தாலும் பட்டை பிளந்துவிடும். ஒரு கப்பலுக்கு இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள். அறைந்தபின் தலையை அரத்தால் சமன் செய்துவிடுவார்கள். வெளுத்த உடல் முழுக்கக் கடுகு சிதறியதைப் போல மஞ்சள் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். பக்கவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டைக்குத் திமிங்கிலத்தின் வாய்த்தகடு. அடிப்பாகத்துக்குச் சில கப்பல்களில் மெல்லிய செம்புத் தகடு. நிஜக் கப்பலில் மரந்துளைக்கும் கடற்புழு ஏறாமலிருக்கச் செம்பு வேய்ந்ததை அப்படியே பின்பற்றினார்கள். கயிறுகளுக்குப் பட்டு நூல், சிலவற்றில் மயிர்.

உலோக வேலைதான் என்னைக் கட்டிப்போடுவது. 24 பவுண்டு குண்டு சுடும் கப்பல் பீரங்கி, மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் மூன்று செ.மீ. கூட வராது. அந்த நீளத்தில் வாயருகே வீக்கம், நடுவில் வளையங்கள், பின்னால் குமிழ் என்று எல்லாம் வர வேண்டும். பித்தளைக் கம்பியைக் கடைசல் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்தார்கள். நம் தட்டாரின் பட்டறையில் தோட்டுத் திருகாணிக்கு மரை பிடிக்கும் நேரத்தில் அவர் மூச்சை எப்படி அடக்குவார் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒன்று செய்துவிடலாம். ஒன்றைப் போலவே எழுபத்துநான்கு, அல்லது நூறு செய்வது வேறு. முதல் பீரங்கிக்கும் கடைசிப் பீரங்கிக்கும் வித்தியாசம் தெரிந்தால் பக்கவரிசை கோணிப்போகும். நானே மேசை விளிம்பில் ஒரு கைத்துறப்பணத்தை இறுக்கி அதில் பித்தளைக் கம்பியைச் சுழலவிட்டு அரத்தால் கடைந்து பார்த்திருக்கிறேன். நாலாவதிலேயே கை வேறு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

இதற்குமேல் ஒரு வித்தையும் செய்தார்கள். பல எலும்புக் கப்பல்களில் பீரங்கிகள் அசையும். ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் வில். நூல்கள் உடலுக்குள்ளே ஓடிக் கப்பலின் பின்புறம் வழியாக வெளியே வரும். நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் ஒருசேர உள்ளே போகும், விட்டால் வெளியே பாயும். நிஜமான போரில் குண்டு நிரப்ப உள்ளே இழுத்து, சுட வெளியே தள்ளும் அந்த அசைவு. சந்தையில் வாங்க வந்தவர் வீட்டுப் பிள்ளை கண்ணை அகல விரித்திருக்கும், வேறென்ன!

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ததாக நினைக்க வேண்டாம். ஒருவர் எலும்பை அறுப்பார், ஒருவர் கடைசல், ஒருவர் முன்சிலை செதுக்குவார், ஒருவர் கயிறு கட்டுவார். விற்ற காசைப் பிரித்துக்கொள்வார்கள். பெரிய கப்பல் பல மாத உழைப்பு. வசதியான வாடிக்கையாளர் சிலர் தந்தமும் ஆமை ஓடும் வாங்கிக் கொடுத்துச் செய்யச் சொன்னதும் உண்டு. 1803க்குப் பிறகு நேரத்துக்குக் குறைவே இல்லை. பழைய போர்களில் இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்வது வழக்கம். நெப்போலியன் காலத்தில் அந்த ஏற்பாடு குலைந்தது. 1803இல் பிடிபட்டவர் 1814வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் பிரிட்டனில் அடைபட்ட கைதிகள் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல். 1809இல் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கருங்கல் சிறையே கட்டி முடித்தார்கள். அங்கிருந்தும் எலும்புக் கப்பல்கள் வந்தன. எடின்பரோ கோட்டையிலிருந்தும் வந்தன. துறைமுகங்களில் மிதந்த கைதிக் கப்பல்களிலிருந்தும் வந்தன.

அந்த மிதக்கும் சிறைகளில் எட்டு ஆண்டு கிடந்தவர் லூயி கார்னரே என்ற இளைஞர். ஓவியர் குடும்பத்துப் பிள்ளை, கடலுக்கு வந்தவர். 1806 மார்ச்சில் அட்லாண்டிக்கில் பெல் பூல் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு பிடிபட்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெல் பூல் நம் கரைக்கும் வந்திருந்தது. இடையில் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கைப்படி புதுச்சேரியைத் திரும்பப் பெற 1803 ஜூனில் வந்து நங்கூரம் போட்டது. ஆங்கிலேயர் ஊரைக் கொடுக்க மறுத்தார்கள், மறுபடியும் போர் வெடித்தது, கப்பல் கிளம்பிப்போனது. புதுச்சேரிக் கடற்கரையில் அன்று மீன் வலையை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்த பாய்மரங்கள் அவை. கார்னரே போர்ட்ஸ்மத் துறைமுகத்துக் கைதிக் கப்பல்களில் படம் வரைந்து விற்று நாட்களைக் கழித்தார். விடுதலையானபின் பிரான்சின் பெயர்பெற்ற கடல் ஓவியராகி, அந்தச் சிறைவாசத்தைப் புத்தகமாகவும் எழுதினார். தூரிகை தெரிந்தவருக்குத் தூரிகை, உளி தெரிந்தவருக்கு உளி.

அந்தக் கைதிக் கப்பல்கள் எப்படி இருந்தன என்று ஓவியங்களில் பார்க்கலாம். காலாவதியான போர்க்கப்பலின் பாய்மரத்தையும், பாய் தொங்கும் குறுக்குக் கட்டையான பருமலையும் கழற்றிவிட்டு, மேல்தளத்தில் கொட்டகைகளை அடுக்கி, சேற்றில் ஓரங்கட்டி நிறுத்தியிருப்பார்கள். மொட்டைக் கப்பல். அதன் இருட்டுத் தளத்தில் உட்கார்ந்து செய்த மாதிரிகளில் நிபுணர்கள் சொல்லும் பெரிய குறை, பாய்மரங்கள் அளவுக்கு மீறி உயரம் என்பது. நீருக்கடியில் இருக்கும் உடலோ நிஜத்தைவிட ஒல்லி, கத்தி போலக் கூர். முன்சிலை கப்பலுக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கும்.

இவற்றைக் குறை என்று சொல்லி நகர்ந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இவர்களிடம் வரைபடம் கிடையாது. அளவுகோல் கிடையாது. நினைவு மட்டும்தான். மாலுமிக்குக் கப்பலில் நன்றாகத் தெரிந்த பகுதி பாய்மரம். இருட்டிலும் மழையிலும் ஏறி இறங்கி, பருமலில் வயிற்றை அழுத்திப் பாய் சுருட்டிய இடம். எந்தக் கயிறு எந்தக் கப்பி வழியாகப் போகிறது என்பதை விரல் அறியும். அதனால்தான் எலும்புக் கப்பல்களின் கயிற்று வேலை பெரும்பாலும் நம்பத்தக்கதாக இருக்கிறது. நீருக்குக் கீழே உள்ள உடலை அவர் எப்போது பார்த்தார்? அடிமரமான ஏராக்கட்டையும் அடிவளைவும் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மாலுமி அதை ஊகிக்கத்தான் முடியும். பாய்மரம் இல்லாத கப்பலில் எட்டு வருடம் கிடந்தவர் பாய்மரத்தை உயர்த்தி வைத்ததில் வேறொன்றும் இருக்கிறது என்று நம்புகிறேன். அண்ணாந்து பார்த்த உயரம் அது.

வரைபடம் வைத்துக் கட்டிய மாதிரிகளும் இருந்தன, இதே இங்கிலாந்தில், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே. 1650களிலிருந்து அரசுக் கப்பல் கட்டும் தளங்களில் மரத்தில் நுணுக்கமான மாதிரிகளைச் செய்தார்கள். ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்ற கணக்கு. நீர்மட்டத்துக்குக் கீழே பலகை போர்த்தாமல், விலா மரங்களான வங்குகளைத் திறந்துவிட்டு, எலும்புக்கூடு தெரியும்படி வைப்பது அவர்கள் பாணி. கடற்படை அலுவலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற சாமுவேல் பீப்ஸ் 1662இல் கப்பலின் உறுப்புகளைக் கற்க ஒரு மாதிரியைத்தான் முன்னால் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த சார்ல்ஸ் செர்ஜிசன் சேர்த்து வைத்த மாதிரிகள் இருநூறு ஆண்டு ஒரே மாளிகையில் கலையாமல் இருந்து, பிறகு ஹென்றி ஹட்டில்ஸ்டன் ராஜர்ஸ் என்ற அமெரிக்கர் வழியாக 1935இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே அருங்காட்சியகம் எலும்புக் கப்பல்களையும் வைத்திருக்கிறது. ஒருபுறம் அமைச்சர்களும் தளபதிகளும் சுற்றி நின்று பார்த்த கப்பல்கள். மறுபுறம் சிறைவாசல் சந்தையில் ரொட்டிக்காக விற்ற கப்பல்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளதைத் திறந்து காட்டியவர்கள் ஒரு சாரார், அதை ஒருபோதும் பார்க்காதவர்கள் இன்னொரு சாரார்.

இன்று உலகெங்கும் வீட்டுக் கொட்டகைகளில் மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் அளவில் முதல் சாராரைப் பின்பற்றுகிறார்கள். நாற்பத்தெட்டில் ஒன்று இன்னமும் அவர்களுக்குப் பிடித்த கணக்கு. வெட்டித் தயாராக வைத்த பாகங்களை வாங்கி ஒட்டுவதற்குக் கிட் என்று பெயர். வெறும் பேரிமரக் கட்டையும் பித்தளைக் கம்பியும் வாங்கி, ஆணியிலிருந்து நங்கூரம்வரை எல்லாவற்றையும் தானே செய்வதற்கு ஸ்க்ராட்ச் பில்டிங் என்று பெயர். செய்முறையில் இவர்கள் கைதிகளின் வாரிசுகள் என்பேன். பித்தளைக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்குவது. கம்பியச்சின் துளைகளில் ஒன்றைவிட ஒன்று சிறிதாக இழுத்து மெலியவைப்பது. துறப்பண அலகில் சுருளாகச் சுற்றி, நீளவாக்கில் வெட்டி, ஒரே இழுப்பில் இருபது வளையம் எடுப்பது. ஒவ்வொன்றின் வாயையும் பொடி வைத்து ஊதிப் பத்தவைப்பது. பளபளப்பு பொம்மைத்தனமாகத் தெரியாமலிருக்கக் ரசாயனக் கரைசலில் முக்கிக் கறுக்கவைப்பது. கடையில் வார்ப்பட வளையம் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆனால் வார்ப்பில் விளிம்பு மழுங்கிவிடும், அளவும் தடிமனாகத்தான் வரும். ஒரு வளையத்தின் தடிமன் தப்பினால் அதன் பக்கத்தில் நிற்கும் முழுக் கப்பலும் குறுகிப்போகும். இதைப் பிடிவாதம் என்று சொல்வோர் சொல்லட்டும். கண் அதைத்தான் முதலில் பார்க்கிறது.

1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி இறங்கினார். அந்தக் கோடையில் நார்மன் கிராஸ் காலியானது. கைதிகள் கால்நடையாகத் துறைமுகங்களுக்குப் போய்க் கப்பலேறினார்கள். 1816இல் கொட்டகைகளைப் பிரித்து, பலகையும் உத்திரமும் ஏலத்தில் விட்டார்கள். அங்கே இன்றும் புல்வெளிதான். இறந்தவர்களுக்கு 1914இல் நிறுத்திய தூணின் உச்சியிலிருந்த வெண்கலக் கழுகைக்கூட 1990இல் யாரோ களவாடிப் போனார்கள். 2005இல் புதுக் கழுகு வைத்தார்கள். கைதிகளின் கைவேலையில் பெரிய தொகுப்பு பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டோமினோ கட்டைகளும் வைக்கோல் ஒட்டி வண்ணம் தீட்டிய பெட்டிகளும் அங்கே உண்டு, கப்பல்களும் உண்டு. வாங்கியவர்கள் ஆங்கிலேயர் என்பதால் பல கப்பல்களில் ஆங்கிலக் கொடி பறக்கும். பிடித்துவந்தவனின் கொடியைத் தைத்து ஏற்றியதும் அதே கைகள்தான். செய்தவர் தன் பெயரைப் பொறித்த கப்பல் அரிதிலும் அரிது. பின்புறத்தில், அலங்காரச் சன்னல்களுக்குக் கீழே, சிலவற்றில் பீரங்கிகளை அசைக்கும் அந்த நூல்களின் நுனி இன்னும் தொங்குகிறது, விரலால் பிடிக்க வாகாக.